கதை எங்கே? அண்டர்கிரவுண்ட் சினிமாவுக்கு ஓர் எளிய அறிமுகம்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில், கோடை விடுமுறைக்கு எல்லோரும் வந்திருந்த ஒரு ராத்திரி, நடு முற்றமான வளவின் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நான் எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். படத்தில் என் ஆயா (பாட்டி) முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து நேராகப் பார்க்கிறார். அவ்வளவுதான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, கேமராவும் அசையவில்லை. நாலு நிமிடம் பத்து விநாடி ஓடி முடிந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியப்பா, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல கதை எங்கப்பா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு அவருக்கு நான் சொன்னது போதவில்லை. அதை இங்கே முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைப் படம் என்பது எடுக்கும் முறையைக் குறிக்கிறது. கேமரா, பிலிம், வெளிச்சம், நேரம் ஆகியவற்றைக் கதை சொல்லும் வேலைக்கு அனுப்பாமல், அவற்றால் வேறு என்னென்ன செய்ய முடியும் என்று பார்க்கிற படம் அது. அண்டர்கிரவுண்ட் சினிமா என்பது படம் போகும் வழியைக் குறிக்கிறது. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர், சான்றிதழ் என்று வழக்கமாக ஒரு பாதை இருக்கிறதே, அதற்குள் போகாமல் எடுத்து, அதற்கு வெளியிலேயே காட்டுவது. ஒளிந்துகொண்டு எடுப்பது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் மக்கள் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள்.

ஆயாவை அப்படி உட்காரவைத்துப் படம் எடுக்கும் யோசனை என்னுடையது அல்ல. அறுபது வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஓர் ஓவியர் தன் பட்டறையில் செய்த வேலை அது.

வெள்ளிக் காகிதம் ஒட்டிய அறை

ஆண்டி வார்ஹால் என்ற ஓவியரைச் சூப் டப்பா வரைந்தவர் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964 தொடக்கத்தில் அவர் மன்ஹாட்டன் கிழக்கு 47ஆவது தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்துக்குத் தன் பட்டறையை மாற்றினார். சரக்கு ஏற்றும் லிஃப்டில் போனால் நேரே அறைக்குள் இறங்கலாம். அந்த இடத்துக்கு எல்லோரும் வைத்த பெயர் 'ஃபேக்டரி'. பில்லி நேம் என்ற நண்பர் அதன் சுவர், கூரை, குழாய் என்று எதையும் விடாமல் வெள்ளிக் காகிதம் ஒட்டி, ஒட்ட முடியாத இடத்தில் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தார். தெருவில் கிடந்த ஒரு சிவப்பு சோபாவையும் அவர்தான் உள்ளே கொண்டுவந்தார். பின்னால் அந்த சோபாவே ஒரு படத்தின் களமானது.

அந்த அறையில் ஒரு பக்கம் ஓவியம் காய்ந்துகொண்டிருக்கும், இன்னொரு பக்கம் படப்பிடிப்பு நடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய படங்கள் சீக்கிரம் புரியும். வார்ஹால் தன் ஓவியங்களை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அடித்தார். நம் ஊரில் கல்யாண வீட்டு மஞ்சள் பையில் பெயர் அடிக்கிறோமே, அதே முறை. ஒரே முகம் பத்துத் தடவை, இருபது தடவை வரிசையாக அச்சாகும். ஒவ்வொரு தடவையும் மை கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், ஓரத்தில் இழுபடும். மஞ்சள் பைக் கடையில் அப்படி வந்தால் கழித்துப் போட்டுவிடுவார்கள். வார்ஹால் அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கச் சொன்னார். இப்போது ஒரு பிலிம் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அசையாமல் உட்கார்ந்த ஒரு முகத்தை எடுத்திருந்தால், அதே முகம் சிறுசிறு வித்தியாசத்தோடு அடுக்கடுக்காக ஆயிரம் தடவை இருக்கும். ஓவியத்தில் செய்ததையேதான் அவர் பிலிமிலும் செய்தார் என்று நான் நினைக்கிறேன்.

1964 முதல் 1966 வரை அந்த அறைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த குறும்படங்கள் மட்டும் 472 இன்று பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு 'ஸ்கிரீன் டெஸ்ட்' என்று பெயர். நடிக்க ஆள் எடுப்பதற்கான சோதனை போலத் தோன்றும். ஆனால் எந்தப் படத்துக்கும் அவற்றைவைத்து ஆள் எடுக்கவில்லை. முகமே படம். கவிஞர்கள், பாடகர்கள், ஓவியர்கள், யாரென்றே வெளியுலகுக்குத் தெரியாதவர்கள் என எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாடகர் பாப் டிலன் உட்கார்ந்தார், ஓவியர் மார்செல் துஷாம்ப் உட்கார்ந்தார், எழுத்தாளர் சூசன் சோன்டாக் உட்கார்ந்தார். பெயர் பெற்றவருக்கும் பெயர் தெரியாதவருக்கும் ஒரே நாற்காலி, ஒரே நீளம்.

ஒரு ரோல் எவ்வளவு நேரம்?

இந்த 'ஒரே நீளம்' என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுவோம்.

அவர்கள் பயன்படுத்தியது 16 மில்லிமீட்டர் பிலிம். 1923இல் கோடாக் நிறுவனம் வீட்டில் படம் எடுப்பவர்களுக்காகக் கொண்டுவந்த அளவு அது. தியேட்டரில் ஓடும் 35 மில்லிமீட்டரைவிடச் சின்னது, செலவும் குறைவு. கேமரா, போலெக்ஸ். கையில் தூக்கிப் போகலாம். அதில் போடும் ரோல் 100 அடி. 16 மில்லிமீட்டரில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம், அதாவது 40 தனித்தனி அசையாப் படம். ஆக, ஒரு ரோலில் 4,000 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் எடுத்தால், 4,000 ஃபிரேம் 2 நிமிடம் 46 விநாடியில் தீர்ந்துபோகும்.

போலெக்ஸில் இன்னொரு சங்கதி உண்டு. பழைய சுவர்க் கடிகாரம் மாதிரி அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். முழுச் சாவி கொடுத்தாலும் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். ரோல் முழுவதும் நிற்காமல் ஓட வேண்டுமென்றால் தனியாக மோட்டார் பொருத்த வேண்டும். அதனால் இந்தக் கேமராவை வைத்திருந்தவர்கள் பலருடைய படங்களில் எந்தத் துண்டும் அரை நிமிடத்தைத் தாண்டாது. அழகியல் கொள்கை என்று நாம் நினைப்பது சில சமயம் ஒரு ஸ்பிரிங்கின் பலமாக இருக்கும்.

சரி, எடுத்தாகிவிட்டது. திரையிடும்போது வார்ஹால் விநாடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் ஓடச் சொன்னார். அது பேசாப் பட காலத்து வேகம். 4,000 ஃபிரேமை 16ஆல் வகுத்தால் 250 விநாடி. அதாவது 4 நிமிடம் 10 விநாடி. எடுத்ததைவிட ஒன்றரை மடங்கு நேரம். பார்ப்பவருக்கு இது ஸ்லோமோஷன் என்று உடனே தெரியாது. கண் சிமிட்டுவது கொஞ்சம் கனமாக இருக்கும். தொண்டையில் எச்சில் விழுங்குவது தெளிவாகத் தெரியும். ஏதோ தண்ணீருக்குள் இருப்பது போன்ற ஓர் அமைதி வரும்.

இப்போது இதைத் தியேட்டர் படத்தோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே காட்சி எவ்வளவு நேரம் என்பதைக் கதை தீர்மானிக்கிறது. வசனம் முடிந்தால் 'கட்'. இங்கே ரோல் தீர்மானிக்கிறது. உட்கார்ந்தவர் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் பிலிம் தீரும்வரை ஓடும். தீரும்போது ரோலின் கடைசியில் வெளிச்சம் பட்டு வெளுத்த பகுதியும் வரும். தியேட்டர் படத்தில் அதை வெட்டிவிடுவார்கள். இவர் வெட்டவில்லை. முகம் மெல்ல வெள்ளையில் கரைந்து போகும். எனக்கு அந்தப் பத்து விநாடி எப்போதும் கஷ்டமாக இருக்கும், ஊருக்குக் கிளம்பும் பஸ்ஸின் ஜன்னலில் ஒரு முகத்தைப் பார்ப்பது போல.

முகத்தில் என்ன நடக்கிறது?

பெரியப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கதை இல்லை என்றால், பிறகு என்னதான் பார்ப்பது?

உட்கார்ந்தவர்களில் பலரிடம் அசையாதே, கண்ணைச் சிமிட்டாதே என்று சொல்லித்தான் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பெரிய விளக்கு. எதிரே கேமரா. ஆன் புக்கானன் என்ற பெண் அந்தச் சொல்லை அப்படியே கடைப்பிடித்தார். கண்ணைத் திறந்தபடியே இருந்தார். கண் நிறைந்தது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. அவர் அழவில்லை, சோகமும் இல்லை, விழி காய்ந்ததால் வந்த நீர். ஆனால் பார்ப்பவர் நெஞ்சில் அது வேறு என்னவோ செய்கிறது. நடிப்பு என்பது என்ன, உணர்ச்சி எங்கே இருக்கிறது, முகத்திலா, பார்ப்பவரிடமா என்று பெரிய பெரிய கேள்விகள் எல்லாம் அந்த ஒரு சொட்டில் வந்து நிற்கின்றன. ஒரு வரி வசனம்கூட இல்லாமல்.

ஆயாவை எடுத்தபோது எனக்கு இது நேரில் தெரிந்தது. முதல் அரை நிமிடம் அவர் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். முதுகு நேராக, உதடு இறுக்கமாக, கல்யாண ஆல்பத்தில் இருப்பாரே அந்த முகம். ஒரு நிமிடம் தாண்டியதும் அந்த முகத்தைத் தாங்கிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. தோள் இறங்கியது. பார்வை கேமராவைத் தாண்டிப் பின்னால் இருந்த வாசற்கதவுக்குப் போனது. அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டார். என்ன என்று நான் கேட்கவில்லை. உதடு லேசாக அசைந்தது. கடைசியில், "என்னடா ராசா, இன்னும் முடியலையா?" என்றார். படத்தில் சத்தம் இல்லாததால் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துவிட்டது.

போட்டோ முகம் கலைந்து இன்னொரு முகம் வருகிறதே, அதுதான் இங்கே நிகழ்ச்சி. அதைக் கதை என்று சொன்னாலும் சரிதான்.

தூணில் ஏறும் வெயில்

வார்ஹாலின் மிகப் பிரபலமான நீளப் படம் 'எம்பயர்'. 1964 ஜூலை 25 ராத்திரி, டைம்-லைஃப் கட்டடத்தின் 41ஆவது மாடியிலிருந்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை அசையாத கேமராவில் எடுத்தார்கள். சாயங்காலம் எட்டு மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி இரண்டே முக்கால் மணி வரை. இதற்கு போலெக்ஸ் பற்றாது என்று ஆரிகான் கேமரா, 1,200 அடி ரோல். 24இல் எடுத்து 16இல் ஓட்டியதால் திரையில் 8 மணி நேரத்துக்கு மேல். இருட்டும்போது கட்டடத்தில் விளக்கு எரிகிறது. பின்னிரவில் அணைகிறது. நடுவில் ஒருசில ரோல்களின் தொடக்கத்தில், அறை விளக்கை அணைக்கும் முன்பே கேமரா ஓடத் தொடங்கிவிட்டதால், படம் எடுத்தவர்களின் பிம்பம் ஜன்னல் கண்ணாடியில் நொடி நேரம் தெரிகிறது. அதையும் நீக்கவில்லை.

எட்டு மணி நேரம் ஒரு கட்டடமா என்று கேட்காதவர்கள் குறைவு. நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குள் அடங்கியது எங்கள் வளவில். செட்டிநாட்டு வீட்டில் நடுவில் வானத்துக்குத் திறந்த வாசல், சுற்றிலும் தூண்கள். காலையில் வெயில் மேற்குப் பக்கத் தூணின் தலையில் விழும். நேரம் ஆக ஆக இறங்கி, தரைக்கு வந்து, உச்சியில் நடு வாசலை நிரப்பி, பிற்பகலில் கிழக்குப் பக்கம் ஏறும். ஆயா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டாந் தூணுக்கு வந்துருச்சு, உலை வையுங்க" என்பார். வற்றல் தட்டை எப்போது நகர்த்த வேண்டும் என்பதையும் அந்த வெயிலைப் பார்த்தே சொல்வார். அவர் ஆயுசு பூராவும் அந்தத் தூண்களைப் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

எம்பயர் படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுந்து போகலாம், காபி குடிக்கலாம், பேசலாம், திரும்பி வரலாம். அது அங்கேயே இருக்கும், வெயில் தூணில் இருப்பது போல.

இதேபோல 'ஸ்லீப்' என்று 1963இல் எடுத்த படம். ஒருவர் தூங்குகிறார், ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஒரே ஷாட்டில் எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல துண்டுகளை எடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப ஒட்டிச் செய்தது. 'ஈட்' என்ற படத்தில் ராபர்ட் இண்டியானா என்ற ஓவியர் ஒரு காளானைச் சாப்பிடுகிறார். ரோல்களை வரிசை மாற்றி ஒட்டியிருப்பதால் காளான் குறைந்து, மறுபடி பெரிதாகிறது. ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும் படங்களுக்குள் இவ்வளவு வேலை இருக்கிறது.

வெளியே ஏன் போனார்கள்?

அந்தக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் படம் காட்ட உரிமம் வாங்க வேண்டியிருந்தது. உரிமம் கேட்டால் மறுப்பார்கள், கேட்காமல் காட்டினால் போலீஸ் வரும். 1964 மார்ச்சில் 'ஃப்ளேமிங் கிரீச்சர்ஸ்' என்ற படத்தைத் திரையிட்டதற்காக ஜோனாஸ் மேகாஸைக் கைது செய்தார்கள். லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்த கவிஞர் அவர். எம்பயர் எடுத்த ராத்திரியில் கேமரா அருகில் நின்று உதவியவரும் அவர்தான்.

இந்த உலகத்தில் வார்ஹாலைவிட மேகாஸ்தான் எனக்குப் பெரியவர். காரணம், 1962இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய படைப்பாளிகள் கூட்டுறவு. படம் எடுத்தவர் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். இது நல்ல படம், இது மட்டம் என்று தேர்ந்தெடுக்கும் குழு கிடையாது. காட்ட விரும்புகிறவர் வாடகைக்கு எடுத்துப் போவார். படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். தரகர் இல்லாத கொள்முதல் என்று நம் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னால் உடனே புரியும். படம் எடுப்பதைவிட, எடுத்த படம் இன்னொருவர் கண்ணில் படுவதற்கு ஒரு வழி செய்வது கடினம். அந்த வழியைப் போட்டவர் மேகாஸ். 1970இல் திறந்த ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் என்ற காப்பகத்துக்கும் அவரே முக்கியக் காரணம்.

அசையாத கேமரா மட்டும்தான் பரிசோதனை என்று நினைத்துவிட வேண்டாம். மாயா டெரன் 1943இல் தன் கணவரோடு சேர்ந்து சொந்த வீட்டிலேயே, மாடிப்படி, சாவி, கத்தி, ஜன்னல் ஆகியவற்றை வைத்து, கனவு எப்படி ஓடுமோ அப்படி ஒரு படம் எடுத்தார். லென் லை 1935இலேயே பிலிம் மீது நேராக வண்ணம் தீட்டிப் படம் செய்தார். ஸ்டான் பிராக்கேஜ் 1963இல், விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் சிறகுகளையும் புல்லையும் இதழ்களையும் இரண்டு ஒட்டு நாடாக்களுக்கு நடுவில் வைத்து ஒட்டி, கேமராவே இல்லாமல் ஒரு படம் செய்தார்.

அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்தங்குடி ஞாபகம் வரும். அங்கே டைல்ஸ் போடுகிறவர் கண்ணாடித் தட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார். மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்துகிறார். பூவின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்திருக்கும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி விலகும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். பிலிமில் வேலை செய்தவர்களும் அப்படித்தான். கை செய்துவிடும். கண் பார்ப்பதற்கு லேப்பிலிருந்து ரோல் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் யார் செய்தார்கள்?

இந்தியாவில் ஓவியர் பட்டறையிலிருந்து சினிமா வந்ததா என்றால், வந்தது. 1969இல் ஓவியர் அக்பர் பதம்சி தனக்குக் கிடைத்த நேரு ஃபெல்லோஷிப் பணத்தைத் தன் ஓவியத்துக்கு மட்டும் செலவழிக்காமல், பம்பாயில் தன் குடியிருப்பிலேயே கேமரா, எடிட்டிங் கருவி, போட்டோ கழுவும் அறை எல்லாம் வைத்து ஒரு பட்டறை தொடங்கினார். பிற ஓவியர்களும் வந்து பயன்படுத்தலாம். நளினி மலானி இளம் வயதில் அங்கே படம் செய்தார். பதம்சி கோடுகளையும் எண்களையும் கொண்டு ஏறத்தாழ ஆயிரம் ஓவியங்கள் வரைந்து 'சிசிஜி' என்ற படத்தை எடுத்தார். இன்னொரு படமும் எடுத்தார். அதற்கு இருந்தது ஒரே பிரதி. அது தொலைந்துபோய்விட்டது. ஒரு வாழ்நாளில் அவர் செய்த இரண்டே படங்களில் ஒன்று. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே சமயத்தில், 1970இல், ஓவியர் தையப் மேத்தா இந்திய அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக ஒரு குறும்படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் தமிழ்ச் சொல்: 'கூடல்'. குஜராத்தி பேசும் ஓவியர் பம்பாயில் எடுத்த படத்துக்கு மதுரையின் பழைய பெயர். எம்.எஃப். ஹுசைன் 1967இல் ராஜஸ்தானில் எடுத்த குறும்படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கியது. அரசாங்க நிறுவனத்துக்குள்ளேயே பிரமோத் பதி போன்றவர்கள் செய்த பரிசோதனைகளும் உண்டு. இவர்களை அண்டர்கிரவுண்ட் என்று சொல்ல முடியாது, பரிசோதனை என்று தாராளமாகச் சொல்லலாம். தொடக்கத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தது இதற்காகத்தான்.

செட்டிநாட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு என்றால் எல்லோரும் ஏவி.எம். என்பார்கள். சரிதான். கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் தேவகோட்டை ரஸ்தாவில்தான் அந்த ஸ்டூடியோ இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். ஆனால் நான் இங்கே நினைப்பது கோட்டையூர் ஏ.கே. செட்டியாரை. 1937 அக்டோபர் 2ஆம் தேதி, கப்பல் பயணத்தில், காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். பெரிய ஸ்டூடியோ எதுவும் பின்னால் இல்லை. நாடு நாடாகப் போய், யார் யாரோ எப்போது எப்போதோ எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். ஒரு லட்சம் மைல் பயணம், 50,000 அடி பிலிம். தியேட்டர் பிலிம் கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் அளவு. அதிலிருந்து தொகுத்து 1940இல் படத்தை வெளியிட்டார். அவர் தன்னைப் பரிசோதனைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டவர் அல்ல. ஆனால் பிறர் எடுத்த பிலிம் துண்டுகளைக் கொண்டே படம் செய்வது பரிசோதனை சினிமாவின் முக்கியமான கிளைகளில் ஒன்று. தனி ஆளாக அந்த அளவில் அதைச் செய்தவர் கோட்டையூர்க்காரர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்தவர்களின் பக்கம்

ஃபேக்டரியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு திருவிழா போல எழுதுவார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே கேமரா முன் இருந்தவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்தவர்கள். போதைப் பழக்கம் சாதாரணமாக இருந்தது. அந்தப் படங்களால் புகழ்பெற்ற ஈடி செட்ஜ்விக் 1971இல் 28 வயதில் இறந்துபோனார். ஒருவரை அசையாமல் உட்காரவைத்து, அவர் உடைகிறவரை கேமராவை ஓடவிடுவதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. படம் நன்றாக வந்தது என்பதால் அந்தக் கொடுமை இல்லாமல் போய்விடாது.

அதனால் நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால், உட்காருகிறவரிடம் என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு நேரம், யாருக்குக் காட்டுவீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். எடுத்த பிறகு அவருக்கே முதலில் காட்டுங்கள். பெரியப்பாவை அடுத்த நாள் உட்காரவைத்தேன். அவராகத்தான் கேட்டார். மூன்றாவது நிமிடத்தில் அவர் முகத்தில் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, "இதை யாருக்கும் காட்ட வேணாம்ப்பா" என்றார். காட்டவில்லை.

செய்து பார்க்க என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். போன், அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், ஒரு நாற்காலி. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய சுவர் இருந்தால் நல்லது. அது வெயிலை வாங்கி மெதுவாகத் திருப்பித் தரும், வெள்ளிக் காகிதம் தேவையில்லை. முகப்பில் காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சம் போதும். போனில் விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்து, 2 நிமிடம் 46 விநாடி எடுங்கள். நடுவில் பேசாதீர்கள், போனைத் தொடாதீர்கள். எடிட்டிங் ஆப்பில் வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து, சத்தத்தை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய 4 நிமிடம் 10 விநாடி வரும். வேறு எதையும் வெட்ட வேண்டாம். கைப்பேசித் திரையில் பார்க்காமல், சுவரில் ஆள் உயரத்துக்குக் காட்டிப் பாருங்கள். சின்னத் திரையில் கண் அசைவு காணாமல் போய்விடும்.

முடிந்ததும் கோப்புக்குப் பெயர் வையுங்கள். தேதி, ஊர், உட்கார்ந்தவர் பெயர், உங்களுக்கு அவர் என்ன முறை. இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். ஆயாவின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று காரைக்குடியில் சித்தப்பா வீட்டு பீரோவில், அவருடைய நிலப் பத்திரங்களோடு இருக்கிறது.